ஒரு ஜெபம் பொறுத்துத் தொறங்க

என்னை அடித்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். முதல் ஆள் என் அப்பா. இரண்டாவது ஆள் டீச்சர். அப்பா புளியங்கம்பால் அடித்தார். டீச்சர் குடையால் அடித்தார். அப்பா அடித்தபோது நான் டவுசர் போட்ட பையன். டீச்சர் அடித்தபோது எனக்கு அறுபது தாண்டிவிட்டது. மூன்று சாக்குக் கிடங்கு, இரண்டு லாரி, ஆழ்வார்குறிச்சியில் மாடி வீடு எல்லாம் இருந்தன.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அரிசி ஆலைகளின் பின்புறம் கிடந்த கிழிந்த சாக்குகளைப் பொறுக்கி, கோணி ஊசியால் தைத்து விற்று மேலே வந்தேன். இன்றைக்குத் தாமிரபரணிக் கரையில் எந்த ஆலையில் நெல் மூட்டை கட்டினாலும் அதில் பாதிச் சாக்கு என் கிடங்கைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அப்படிப்பட்ட நான் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்ததற்குக் காரணம், அதில் டாக்டர்களும் வக்கீல்களும் இருந்ததுதான். படித்தவன் செய்கிற காரியத்தை நானும் செய்து, அவனைவிட நன்றாகச் செய்து காட்டுவது என் வழக்கம். பாளையங்கோட்டைக்கு வெளியே, கல் உடைத்து முடித்துக் கைவிட்ட ஒரு பாறைக் குழியில் அந்தக் கிளப் இருந்தது. சுட்ட குண்டு பாறைச் சுவரில் போய் நின்றுவிடும். சனிக்கிழமை தோறும் சுடுவோம். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. டீச்சர் வேதக்கோயிலுக்குப் போகவேண்டும்.

அங்கே சுடுகிற இடத்துக்கு முழுப் பொறுப்பு டீச்சர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மாணவிகளை என்.சி.சி.க்குக் கூட்டிப் போன காலத்திலேயே துப்பாக்கி பழகிவிட்டாராம். ஒடிசலான உடம்பு, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, காலில் கான்வாஸ் ஷூ, கழுத்தில் விசில், கையில் ஆண்கள் பிடிக்கிற கறுப்புக் குடை. டீச்சர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பெயரைச் சொல்லிக் கூப்பிடும் தைரியம் அந்தக் குழியில் யாருக்கும் இருந்ததில்லை.

குடை அடி விழுந்தது நான் சேர்ந்த புதிதில். குப்புறப் படுத்து, குறி பார்த்து, விசையை இழுத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். குண்டு போகவில்லை. போகாவிட்டால் என்ன செய்வோம்? திறந்து பார்ப்போம். நானும் தோட்டா அறையை மூடியிருக்கும் போல்ட் என்கிற தாழ்ப்பாளைத் திறக்கக் கையைக் கொண்டுபோனேன். மணிக்கட்டில் குடைக்காம்பு விழுந்தது.

"யாரு, யாரு மேல கைய நீட்டுதீங்க?" என்று எழுந்துவிட்டேன்.

"படுங்க அண்ணாச்சி. துப்பாக்கிய அங்கனயே நீட்டி வச்சுக்கிட்டுப் படுங்க. சில தோட்டா சத்தம் போடாம இருந்துட்டு, பொறவு வெடிக்கும். நீங்க தொறக்கும்போது வெடிச்சா என்ன ஆகும்? இருக்க ரெண்டு கண்ணு பத்தாதுன்னு நெத்தியில ஒண்ணு வேணுமா?"

படுத்தேன். டீச்சர் என் பக்கத்தில் நின்றுகொண்டு பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தார். அவசரமும் இல்லை, இழுவையும் இல்லை. பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் சொல்வார்களே, அந்த வேகம். ஆமென் சொல்லி முடித்த பிறகு, "இப்ப தொறக்கலாம்" என்றார்.

அதுதான் அந்தக் குழியின் சட்டம். தோட்டா போகாவிட்டால் ஒரு ஜெபம் பொறுக்கவேண்டும். பிறகுதான் திறக்கவேண்டும். மற்ற ஊர்களில் கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் பொறுப்பார்களாம். டீச்சருக்குக் கடிகாரத்தின் மேல் நம்பிக்கை இல்லை. "கடியாரத்த பாத்தா கை பரபரங்கும். ஜெபம் சொன்னா அடங்கிக் கெடக்கும்" என்பார். "அவங்கவங்க சாமியச் சொல்லுங்க, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா இந்த அளவுல இருக்கணும்" என்றும் சொல்லியிருந்தார். மேலப்பாளையத்து பாய் ஒருவர் ஓதுவதை அதே அளவுக்கு அளந்து வைத்திருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் சோம்பல். டீச்சர் சொல்வதையே கூடச் சேர்ந்து சொல்லிச் சொல்லி, விபூதியும் நாமமும் போட்ட இருபது பேருக்கும் பரமண்டல ஜெபம் தலைகீழ்ப் பாடம். ஒரே ஒரு இடத்தில்தான் தடங்கல். அதில் கடனை மன்னிக்கச் சொல்லும் வரி ஒன்று வரும். அந்த இடம் வந்ததும் வியாபாரிகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும். டீச்சர் மட்டும் தனியாகச் சொல்லித் தாண்டிப் போவார்.

கோளாறு பார்ப்பதில் டீச்சருக்கு ஒரு வரிசை உண்டு. "மொதல்ல ஆளு. அடுத்து தோட்டா. கடைசியிலதான் துப்பாக்கி." ஒரு வக்கீல், தன் துப்பாக்கி இடது பக்கமாகவே இழுக்கிறது, அதை மாற்றவேண்டும் என்று கிளப்புக்கு மனுவே எழுதிவிட்டார். டீச்சர் துப்பாக்கியைத் தொடவே இல்லை. வக்கீலின் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் தடித்த பேனா மூன்றை எடுத்துப் போட்டார். துப்பாக்கிக் கட்டை அந்தப் பேனாக்களின் மேல் உட்கார்ந்திருந்தது. டாக்டர் ஒருவருக்குச் சுட்ட தோட்டாவின் வெறுங்கூடு வெளியே வராமல் ஒட்டிக்கொண்டது. டீச்சர் போல்ட்டை எடுத்து மோந்து பார்த்தார். "கருப்பட்டி மிட்டாய் தின்னுட்டுக் கை கழுவலையா டாக்டரே? நோயாளியவாவது கழுவிட்டுத் தொடுதீங்களா?" என்று கேட்டார்.

எல்லாம் சரியாகச் சொல்லிவிடுவார் என்று நினைக்கவேண்டாம். தப்பாகவும் சொல்வார். ஒரு தடவை பாயின் துப்பாக்கியில் குறிமுள் ஆடியதைக் கண்டுபிடிக்காமல், அவருக்குக் கண்ணில் புரை என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். பாவம், அவர் மதுரைக்குப் போய்க் கண்ணைக் காட்டி, கண் பளிங்கு மாதிரி இருக்கிறது என்று சொல்ல வைத்துத் திரும்பி வந்தார். "சந்தோசம்தானே பாய், கண்ணு நல்லாருக்குன்னு தெரிஞ்சுதுல்லா" என்றார் டீச்சர். மன்னிப்பெல்லாம் கிடையாது.

அடுத்தது வார். துப்பாக்கியின் அடியில் மாட்டி, இடது கையின் மேற்புஜத்தில் இறுக்கிச் சுற்றுகிற பட்டை. அது சரியாக இருந்தால் துப்பாக்கியை நாம் பிடிக்கவேண்டியதில்லை, வார் பிடித்துக்கொள்ளும். சரியில்லாவிட்டால் நம் நாடித் துடிப்பே துப்பாக்கியில் ஏறிக் குறியை ஆட்டும். நான் சென்னையிலிருந்து அசல் தோல் வார் வரவழைத்திருந்தேன். பளபளவென்று இருக்கும். நல்லதாக வாங்குவதுதானே என் வழக்கம். டீச்சர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை இடுப்புல கட்ட நல்லாருக்கும்" என்று திருப்பிக் கொடுத்தார். சொன்ன மாதிரியே அது நான்கு குண்டுக்கு ஒரு முறை வழுக்கி முழங்கைக்கு வந்தது.

டீச்சர் எல்லோருக்கும் வீட்டிலேயே வார் தைத்துக் கொடுப்பார். கட்டிலுக்குப் பின்னுகிற பருத்தி நாடா, பழைய பள்ளிக்கூடப் பையின் பக்கிள், கால் மிதிக்கிற தையல் மிஷின். அவ்வளவுதான் தொழிற்சாலை. ஆளைப் பார்த்து உள்பக்கத்துத் துணியை முடிவு செய்வார். வேன் ஓட்டுகிறவருக்குப் பழைய சீட் பெல்ட். டாக்டருக்குக் கட்டுத் துணி. எனக்கு என்ன வைத்தார் தெரியுமா? சாக்கு! என் கிடங்கிலிருந்தே ஒரு கிழிந்த கோணியை வாங்கிப் போய், நாலு விரல் அகலத்துக்கு வெட்டி, நாடாவின் உள்ளே வைத்துத் தைத்துக்கொண்டு வந்தார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. டாக்டர்கள் முன்னால், வக்கீல்கள் முன்னால், கையில் கோணியைக் கட்டிக்கொண்டு நிற்பதா?

"என்ன டீச்சர், பழச ஞாபகப்படுத்துதீங்களா?"

"சணல் சட்டையில ஒட்டுனா நகராது அண்ணாச்சி. இந்தக் குழியில ஒங்களத் தவுர யாருக்கு அது சொரசொரக்காது? நீங்க அதுலயே படுத்து வளந்த ஆளுல்லா."

போட்டுப் பார்த்தேன். கை பாறையில் ஊன்றிய கம்பம் மாதிரி நின்றது. அன்றைக்கு என் குறி அட்டையில் விழுந்த ஓட்டைகளை ஒரு பத்து ரூபாய்க் காசு வைத்து மூடியிருக்கலாம். அதன்பிறகு யாராவது 'கோணி அண்ணாச்சி' என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டுவேன்.

வார் வெட்டியதில் மிஞ்சும் நாடாவை டீச்சர் வீணாக்கமாட்டார். அவருடைய மூக்குக் கண்ணாடிக்கு நாடா, குடைக்கு நாடா, தூக்குவாளிக்கு நாடா, வேதப் புத்தகத்துக்கு நாடா, வீட்டு நாய்க்கும் நாடா. எல்லாவற்றிலும் பக்கிள் இருக்கும். அந்த நாய் என்.சி.சி. நாய் மாதிரிதான் நடக்கும்.

ஒரு ஜெபம் பொறுப்பது என்பது டீச்சருக்குத் துப்பாக்கியோடு நிற்கவில்லை. வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் ஒரு ஜெபம். பாலில் காபித் தூள் கட்டி தட்டினால் ஒரு ஜெபம். கோபக்காரன் யாராவது கத்திக்கொண்டு வந்தால், முகத்தை அவன் பக்கமே வைத்துக்கொண்டு வாய்க்குள் ஒரு ஜெபம். அவர் உதடு அசைவதைப் பார்த்தே பாதிப் பேர் பயந்து குரலைக் குறைத்துவிடுவார்கள். சபிக்கிறார் என்று நினைப்பு.

ஒரு தடவை நான் துணிந்து கேட்டுவிட்டேன். "டீச்சர், நீங்க ஏன் கல்யாணம் பண்ணிக்கிடல?"

"ஒருத்தரு பொண்ணு பாக்க வந்தாரு. நல்ல உத்தியோகம். எனக்கும் புடிச்சிருந்துச்சு. சம்மதம் சொல்லுதுக்கு முன்ன ஒரு ஜெபம் பொறுப்போம்னு பாத்தேன். நான் பாதியில இருக்கும்போதே அவங்க அம்மா, இந்த வீட்டுச் சொவருல ஈரம் ஏறுது, கல்யாணத்துக்குள்ள பூசிருங்கன்னு எங்க அப்பாகிட்ட சொல்லுதாங்க. ஆமென்னு சொன்னேன். போல்ட்ட தொறக்கவேயில்ல."

மேலப்பாளையம் ரயில்வே கேட்டில் ஒரு நாள் நாங்கள் நாலைந்து பேர் போன ஆட்டோ தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது. பழக்க தோஷத்தில் நான் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தேன். குடைக்காம்பு முதுகில் விழுந்தது. "எறங்கி ஓடுங்க அண்ணாச்சி! ஜெபம் துப்பாக்கிக்கு. ரயிலுக்கு ஓட்டந்தான்!" என்று கத்திக்கொண்டே டீச்சர் எல்லோருக்கும் முன்னால் கேட்டைத் தாண்டியிருந்தார். ஆட்டோவைத் தள்ளி எடுத்துவிட்டோம். ரயில் வர நேரம் கிடந்தது. ஆனாலும் அந்த வயதில் அந்த ஓட்டம் நான் பார்த்ததில்லை.

இனி என் சம்பந்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் இல்லாமல் டீச்சர் கதை முடியாது.

எனக்கு ஒரே மகள். வள்ளியூரில் கட்டிக் கொடுத்தேன். சம்பந்திக்குத் தென்னந்தோப்பு, செக்கு, எண்ணெய்க் கடை. நான் கிளப்பில் சேர்ந்தேன் என்று கேள்விப்பட்டதும் அவரும் சேர்ந்தார். நான் லாரி வாங்கினால் அவர் லாரி வாங்குவார். நான் பல் கட்டினால் அவரும் கட்டுவார். வள்ளியூரிலிருந்து சனிக்கிழமை தோறும் காரில் வந்து, எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்துச் சுடுவார்.

மூத்த பேரனுக்கு அவர் அப்பா பெயரை வைத்தார்கள். அது முறை, நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவதும் பேரன் பிறந்தான், ஒரு கார்த்திகை மாசம். இவனுக்கு என் அப்பா பெயர், சுடலைமுத்து, என்று நான் மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். என் அப்பா அடுத்தவர் மூட்டையைச் சுமந்து முதுகு கூனிச் செத்தவர். எனக்கு ஆண் பிள்ளை கிடையாது. இவனுக்கு வைக்காவிட்டால் அந்தப் பெயரை இனி இந்தப் பூமியில் யாரும் கூப்பிடப்போவதில்லை.

சம்பந்தியோ, தன்னை வளர்த்து ஆளாக்கிய பெரியப்பா பெயரைத்தான் வைக்கவேண்டும் என்று நின்றார். தை மாசம் பெயர் வைப்பு. மார்கழி முழுக்க இரண்டு வீட்டுக்கும் நடுவில் போன் கொதித்தது. மகள் வெறுத்துப்போய், "ரெண்டு பேரும் பேசாம இருக்கீங்களா, இல்ல நான் வாயில நுழையாத வடநாட்டுப் பேரா பாத்து வச்சிரட்டுமா?" என்று கேட்டாள். அதில் இருவருக்குமே பயம் வந்துவிட்டது.

கிளப்பில் வைத்துச் சம்பந்திதான் சொன்னார். "வே, வருசப் போட்டி வருதுல்லா. அதுல நம்ம ரெண்டு பேருல யாரு முந்துதாரோ அவரு பேரு வைக்கட்டும். சம்மதமா?"

நான் உடனே சம்மதம் சொல்லப்போனேன். டீச்சர் தான் நின்ற இடத்திலிருந்தே குடையைத் தூக்கினார். இருவரும் வாய்க்குள் ஜெபத்தைச் சொல்லிவிட்டு, அதன்பிறகு சம்மதம் சொன்னோம். பொறுத்துச் சொன்னாலும் முட்டாள்தனம் முட்டாள்தனம்தான் என்பது டீச்சர் கருத்து. "பச்சப் புள்ள பேரக் கொண்டுபோயி யாராவது தோட்டாவுல வைப்பாங்களா?" என்று திட்டினார். ஆனால் தடுக்கவில்லை.

போட்டி நாள் வந்தது. சாயங்காலம் முடியும்போது நானும் சம்பந்தியும் சரிக்குச் சரி. ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. வெளிச்சம் போய்விட்டதால், மறுநாள் காலையில் ஆளுக்கு ஒரே ஒரு குண்டு, பத்து நிமிடம் நேரம் என்று டீச்சர் முடிவு சொன்னார். டீச்சர் காலை ஆராதனைக்குப் போகவேண்டும் என்பதால் விடிந்தும் விடியாமலும் வரச் சொன்னார்.

எல்லோரும் போனபிறகு நான் என் துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தேன். கிளப்பில் கொடுக்கிற துப்பாக்கி எண்ணெய் மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கும். அவ்வளவு பெரிய காரியத்துக்குப் போகிற துப்பாக்கிக்கு அதையா போடுவது? என் வீட்டில் இருந்த பிள்ளைக்குத் தேய்க்க என்று சம்பந்தி செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் ஒரு டின் கொடுத்து அனுப்பியிருந்தார். வண்டியில் இருந்தது. கண்ணாடி மாதிரித் தெளிந்த எண்ணெய். போல்ட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் தாராளமாக விட்டுத் தடவினேன். நல்லதாகப் பார்த்துப் போடுவதுதானே என் வழக்கம்.

மறுநாள் காலையில் பாறைக் குழிக்குள் பனி கட்டிக் கிடந்தது. எல்லோரும் தலையில் துண்டு. டீச்சர் மட்டும் பிளாஸ்கிலிருந்து கண்ணாடித் தம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். இருவரும் படுத்தோம். பக்கத்துப் பக்கத்துப் பாய். எதிரே பக்கத்துப் பக்கத்து அட்டை. இருவரும் சுட்டு முடித்த பிறகுதான் அட்டையைக் கொண்டுவந்து பார்ப்பது என்று ஏற்பாடு. விசில் ஊதியதும் சம்பந்தி அவசரப்பட்டுச் சுட்டுவிட்டார்.

நான் மூச்சை அடக்கி, அப்பாவை நினைத்துக்கொண்டு, விசையை இழுத்தேன்.

டிக்.

கை போல்ட்டுக்குப் போயிற்று. டீச்சர் ஜெபத்தை ஆரம்பித்தார். கையை எடுத்துக்கொண்டேன். நானும் சொன்னேன். பக்கத்தில் சம்பந்தியும் சொல்லத் தொடங்கினார். ஆனால் எப்படி? "பி... தா... வே..." என்று கோயில் கொட்டு மாதிரி ஒவ்வொரு எழுத்தாக.

"நேரத்த தின்னுதாரு டீச்சர்! பாருங்க, வேணும்னே இழுக்காரு!"

"நான் பயபக்தியோட சொல்லுதேன் வே. ஒமக்கு என்ன?"

"அண்ணாச்சி, நேத்து வரைக்கும் ஒங்களுக்கு இவ்வளவு பக்தி இல்லையே" என்று சம்பந்தியைப் பார்த்துச் சொன்னார் டீச்சர். "நான் சொல்லுத வேகத்துக்கு வாங்க. இல்லைன்னா அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம கோயில்ல கொண்டு நிறுத்தி மொத்தத்தையும் பாட வச்சிருவேன்."

ஆமென். திறந்தேன். தோட்டாவை எடுத்துப் போட்டு வேறு தோட்டா போட்டேன். குறி. மூச்சு. விசை.

டிக்.

மறுபடி முதலிலிருந்து ஜெபம். என் வாழ்க்கையில் இவ்வளவு நீளமான ஜெபத்தைக் கேட்டதில்லை. கடன் மன்னிக்கும் வரியைக்கூட அன்றைக்கு நான் சத்தமாகச் சொன்னேன். ஆமென் சொன்னதும் டீச்சர் உட்கார்ந்து போல்ட்டை உருவினார். மோந்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உள்ளே, தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியைச் சுற்றி வெள்ளை வெளேரென்று எண்ணெய் உறைந்து கிடந்தது. ஊசி எப்படிக் குத்தும்? போர்வைக்குள் படுத்த பிள்ளை மாதிரிச் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"யாரு துப்பாக்கிக்கு எண்ண தேச்சுத் தல வாரிவிட்டது?"

பாறைக் குழியே சிரித்தது. நான் சம்பந்தியைப் பார்த்துக் கத்தினேன். "ஓம்ம எண்ணதாம்வே! நீரு குடுத்த எண்ணதான் என்னைக் கவுத்துச்சு!"

"ஏ, பிள்ளைக்குக் குடுத்த எண்ணைய எவன்வே துப்பாக்கிக்கு ஊத்துனது? பச்சப் புள்ளைக்குத் துப்பாக்கி எண்ணைய தேச்சுட்டீரா? அதச் சொல்லும் மொதல்ல!"

டீச்சர் இருவரையும் பார்க்கவில்லை. போல்ட்டைச் சூடான டீத் தம்ளரோடு சேர்த்து இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டார். உருகி வழிந்ததைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். திரும்ப மாட்டி என் கையில் கொடுத்து, "நேரம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றார். ஒரு நொடிகூடக் கூட்டித் தரவில்லை. நான் தொப்பென்று விழுந்து, வாரைக் கையில் சுற்றினேன். சாக்கு வார் சட்டையைப் பிடித்துக்கொண்டது. கை அசையவில்லை. முன் குறியும் பின் குறியும் கறுப்பு வட்டத்தில் போய்ப் பூட்டிக்கொண்டன. இழுத்தேன். சுட்ட மறுகணமே தெரிந்துவிட்டது, இது பத்துக்குப் பத்து. இருபது வருடம் சுட்டவனுக்குக்கூட அப்படி ஒரு குண்டு வாய்க்காது.

விசில் ஊதிற்று. அட்டைகள் வந்தன.

என் அட்டையில் ஓட்டையே இல்லை. சம்பந்தி அட்டையில் இரண்டு. ஒன்று எட்டு, ஒன்று நட்ட நடுவில் பத்து.

நான் விழுந்த வேகத்தில் பாய் நகர்ந்துவிட்டது. பாய் திரும்ப நான் திரும்ப, துப்பாக்கியும் பக்கத்து அட்டைக்குத் திரும்பிவிட்டது. என் வாழ்நாளின் ஒரே அப்பழுக்கில்லாத குண்டைச் சம்பந்திக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டேன்.

சம்பந்தி வாயெல்லாம் பல்லாக, "ஆகா, பத்து! நான் அப்பமே நெனச்சேன், நம்ம குண்டு..." என்று தொடங்கினார்.

டீச்சரின் குடை உயர்ந்தது. "தொறக்காதீங்க அண்ணாச்சி. ஒரு ஜெபம் பொறுத்துத் தொறங்க."

சம்பந்தி நின்றார். நாங்கள் எல்லோரும் நின்றோம். பனிக்குள் டீச்சர் குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. இந்தத் தடவை சம்பந்தி இழுக்கவில்லை. ஆமென் வந்ததும் அவர் வலது கை தானாக எழுந்து, காற்றில் ஒரு போல்ட்டைத் திறந்து பின்னால் இழுத்தது. எங்கள் எல்லோருக்குமே அந்தப் பழக்கம் ஏறியிருந்தது.

"எட்டு என்னுது. பத்து அவருது" என்றார்.

"அடுத்த அட்டையில போட்டது கணக்குல வராது" என்றார் டீச்சர். "எட்டு ஜெயிச்சாச்சு. நான் கோயிலுக்குப் போணும்."

நான் சொல்ல ஆயிரம் இருந்தது. எண்ணெய், பாய், இழுத்த ஜெபம், எல்லாவற்றையும் சொல்லிக் கிழிக்கத் தயாராக இருந்தேன். டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். குடையை அசைக்கக்கூட இல்லை. நானாகவே உள்ளுக்குள் ஒரு ஜெபம் சொன்னேன். முடிந்ததும், "ஒங்க பெரியப்பா பேரே இருக்கட்டும் சம்பந்தி" என்று வந்தது. அது எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

தை மாசம் பெயர் வைப்பு, ஆழ்வார்குறிச்சியில் என் வீட்டில். நான் குறை வைக்கவில்லை. பந்தல், மேளம், நானூறு இலை. டீச்சரும் வந்து முன் வரிசையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சம்பந்தி பேரனை மடியில் வாங்கிக்கொண்டார். அப்பாவைப் பெற்ற தாத்தா காதில் மூன்று தடவை பெயர் சொல்வது எங்கள் பக்கத்து முறை. மேளத்தை நிறுத்தினார்கள்.

சம்பந்தி குனிந்தார். சொல்லவில்லை. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "மாமாவுக்கு என்ன, மயக்கம் வருதா?" என்று மகள் கேட்டாள். எனக்கும் கிளப்காரர்களுக்கும்தான் தெரியும் அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று. நெற்றி நிறைய விபூதி. வாயில் பரமண்டல ஜெபம். முடிந்ததும் வலது கை எழுந்து, பேரன் தலைக்கு மேலே போல்ட்டைத் திறந்தது.

பிறகு காதில் சொன்னார். மூன்று தடவையும் பந்தலுக்கே கேட்கும்படி சொன்னார்.

"சுடலைமுத்து. சுடலைமுத்து. சுடலைமுத்து."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எங்க பெரியப்பா பேரச் சொல்ல மூணு பேரன் இருக்கானுவோ. ஒம்ம அப்பாவுக்கு நீரு ஒருத்தருதானவே" என்றார்.

எனக்குப் பதில் இல்லாத பேச்சு என்று ஒன்று அதுவரை கிடையாது. இதற்கும் ஏதாவது சொல்லியிருப்பேன். வாயைத் திறக்கும்போது எதிரே டீச்சர் குடையை ஒரு விரற்கடை தூக்கினார். மூடிக்கொண்டேன். முதலிலிருந்து கடைசிவரை, ஒரு வரி விடாமல் சொன்னேன். ஆமென் வந்தது. கை தானாக எழுந்து போல்ட்டைத் திறந்தது.

வாய் திறக்கவில்லை.